வெள்ளெழுத்து

அம்மாவின் நாற்காலி முன்பு சுவரோரம் கிடந்தது. ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி. அதற்கும் டிவிக்கும் நடுவே ஒன்பது அடி. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் அது ஒரு சாண் முன்னால் வந்திருக்கும். நான் கவனிக்கவில்லை. போன தை மாதம் போனபோது, நடு ஹாலில், டிவிக்கு நாலரை அடியில் நின்றது. சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பழைய இடத்தில் மொசைக் தரையில் நாலு துருத்தடம் மட்டும் இருந்தது.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. காது மந்தம். வாங்கிக் கொடுத்த காதுக்கருவி பூசை அலமாரியில் விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் டப்பாவோடு இருக்கிறது. “அதப் போட்டா மிக்ஸி சத்தந்தான் பெரிசாக் கேக்கு” என்று எடுத்து வைத்துவிட்டாள். ஆகவே இப்போது அவள் படம் பார்ப்பதில்லை, வாசிக்கிறாள். கீழே தமிழில் வரி ஓடுகிற எந்தப் படமானாலும் சரி, மலையாளமோ கொரியாவோ. அன்று ஓடியது ஒரு மலையாளப் படம். பாதியில் என் பக்கம் திரும்பி, “எய்யா, அவன் என்ன சொல்லுதான்? நான் வாசிக்கதுக்குள்ள போயிருது” என்றாள்.

எழுத்தைப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்று ரிமோட்டை எடுத்தேன். முக்கால் மணி நேரம் போயிற்று.

படம் ஓடும்போது மேல் அம்பை அழுத்தினால் பேச்சுக்குமிழ் போல ஓர் அடையாளம் வருகிறது. அதற்குள் மொழிகள் உண்டு, அளவு இல்லை. வெளியே வந்து முகப்புக்குப் போனால் ஓரத்தில் பல்சக்கரம். அதற்குள் கடவுச்சொல், குழந்தைகள் பூட்டு, கட்டணம். அதற்கும் அடியில் சாம்பல் நிறப் பின்புலத்தில் இன்னும் கொஞ்சம் வெளுத்த சாம்பலில் நாலைந்து வரிகள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடியை மாடியில் வைத்திருந்தேன். கடைசியில் செல்போனை எடுத்து டிவித் திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்து வாசித்தேன். எழுத்தைப் பெரிதாக்கும் வழியைக் கண்டுபிடிக்க, அந்த வழி எழுதியிருந்த எழுத்தை முதலில் பெரிதாக்க வேண்டியிருந்தது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய ஆளை நம்மூரில் கேலி செய்வார்கள். இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்.

அந்த வரிகளும் சொன்னது இவ்வளவுதான்: எழுத்தளவை டிவியில் மாற்ற முடியாது, கணினியில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, பார்ப்பவர் பெயரைத் தேர்ந்து, அங்கே மாற்றிவிட்டு வந்து டிவியில் மறுபடி நுழைய வேண்டும். அம்மாவிடம் கணினி கிடையாது. அவள் அதற்குள் எழுந்துபோய்ப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

*

நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாமல் போவதைத் தெலுங்கில் சத்வாரம் என்கிறார்கள். கன்னடத்தில் சாளீசு. இரண்டுக்கும் வேர் நாற்பது என்ற எண்தான். நம் வீடுகளிலும் பெரியவர்கள் சாளேசரம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தமிழுக்கென்று இருக்கிற சொல் வயதைப் பேசுவதில்லை. வெள்ளெழுத்து. கறுப்பாக இருந்த எழுத்து வெளுத்துப் போகிறது. கண்ணில் குறை என்று சொல்லாமல் காகிதத்தில் நடப்பதைச் சொல்லுகிற சொல். அந்த நிலையில் உள்ளவர் உண்மையில் அப்படித்தான் உணர்கிறார்: என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, இவர்கள்தான் இப்போதெல்லாம் மை சரியாகப் போடுவதில்லை.

நடப்பது எளிய காரியம். சின்ன வயதில் விழிவில்லை இளகி இருக்கும். பத்து வயதுப் பிள்ளை எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தும் வாசிக்கும். வருஷாவருஷம் வில்லை இறுகுகிறது, அதை வளைக்கும் தசைக்கு அது வளைந்துகொடுப்பதில்லை. தெளிவாகத் தெரியும் கிட்டத்துப் புள்ளி மெல்ல விலகிப் போய், ஒருநாள் நாம் புத்தகம் பிடிக்கும் தூரத்தைத் தாண்டிவிடுகிறது. யாருக்கும் விலக்கு இல்லை.

கண் மருத்துவமனையில் கையில் ஓர் அட்டை கொடுத்து வாசிக்கச் சொல்வார்களே, அதைச் சற்று உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘என்’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். என்-36, என்-18, என்-8, என்-6. ஆங்கிலத்தில் ‘கிட்டம்’ என்பதன் முதலெழுத்து அது. கூடவே வரும் எண் அச்சகத்துப் பாயிண்ட் அளவு. அங்குலத்தை 72 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பாயிண்ட், ஏறத்தாழ. என்-6 வாசித்தான் என்றால் ஆறு பாயிண்ட் ஈய எழுத்தை வாசித்தான் என்று பொருள். அச்சுக்கோப்பவரின் அளவுகோலை மருத்துவர் கடன் வாங்கியிருக்கிறார். அச்சுக்காரன் எவ்வளவு சிறிதாக எழுத்து போடத் துணிகிறானோ அதுவரை வாசிக்க முடிந்தால் நீங்கள் நல்ல கண்ணுள்ளவர். அவன் நாளை இன்னும் ஒரு பாயிண்ட் குறைத்தால் ஊரில் பாதிப் பேர் நோயாளிகள்.

அவன் குறைத்துக்கொண்டேதான் வந்திருக்கிறான். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து, 1713-இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்த தமிழ் எழுத்துகள் நல்ல பெரியவை. பாதிரியார் சீகன்பால்கு அவற்றைக் கொண்டு 1714-இல் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியை அச்சிட்டார். பார்த்தால் காகிதம் விழுங்கிக்கொண்டு போகிறது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தாக வார்த்து மிச்சத்தை 1715-இல் முடித்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத் தகட்டை உருக்கி அந்த எழுத்துகளை வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு 1862-இல் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி. 67,000-க்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதிக்குள் அடைக்கச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தின் அச்சாளர் ஹண்ட் சிறிய எழுத்துகளைப் பயன்படுத்தினார். அழகான எழுத்துகள்தான், மறுக்கவில்லை. அதை மாலை வெளிச்சத்தில் வாசிக்க முயன்றவர்களுக்குத் தெரியும் அந்த அழகின் விலை. பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ராகு காலம் பார்க்கிற வயதில் இருப்பவர்களில் ஒருவருக்காவது அது வெறுங்கண்ணுக்குத் தெரியுமா?

நம் சிறுபத்திரிகைகள் மட்டும் என்ன? 64 பக்கத்துக்குள் நாலு கதை, பதினைந்து கவிதை, ஒரு நீண்ட சண்டை. எழுத்தைச் சுருக்காமல் முடியாது. ஆசிரியர் கோபிக்கக் கூடாது. நானும் முப்பது வருஷமாக அதில்தான் எழுதுகிறேன்.

ஆக, காகிதத்தில் எழுத்து சிறுத்ததற்கு ஒரு நியாயம் உண்டு. காகிதம் காசு. திரையில் என்ன காசு? எழுத்தை இருமடங்கு ஆக்கினால் யாருக்கும் கூடுதலாக ஒரு பைசா ஆவதில்லை. இருந்தும் அது சிறுத்தே வருகிறது. காரணம், அங்கே எழுத்து வாடகைக்கு இருப்பது. வீடு படத்துக்குச் சொந்தம். எழுத்துக்குத் திண்ணையில் ஓரமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். காலை நீட்டிப் படுக்கக் கூடாது.

*

திரையில் எழுத்து ஏன் வெள்ளையாக இருக்கிறது? பழைய முறையில் அது மையால் எழுதப்படவில்லை என்பதுதான் பதில். படச்சுருளின் மேல்பூச்சைச் சூடேற்றிய அச்சால் அழுத்தியோ ரசாயனத்தால் அரித்தோ சுரண்டி எடுப்பார்கள். பின்னாளில் லேசர் வந்தது. பூச்சு போன இடத்தில் விளக்கொளி தடையில்லாமல் நேரே திரையில் விழும். அந்த ஒளிதான் எழுத்து. அதாவது சுருளில் அது ஒரு கீறல், ஒரு காயம். நம் ஓலையும் கீறல் எழுத்துதானே. எழுத்தாணியால் கீறிவிட்டு விளக்குக் கரியைத் தடவுவார்கள். கீறலில் கரி நின்று கறுப்பாகத் தெரியும். ஓலையில் காயத்தைக் கரி நிரப்பியது, சுருளில் வெளிச்சம் நிரப்பியது.

வெளிச்சமாக எழுதியதால் வெளிச்சத்தில் அது தொலைந்தும் போகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் விருது பெற்ற மாநில மொழிப் படங்களை ஆங்கில வரிகளோடு போடுவார்கள். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் வெள்ளை வேட்டி கட்டியவர் யாராவது முன்னால் வந்து நின்றால் போதும், வசனம் அவர் வேட்டிக்குள் போய்விடும். வங்காளப் படங்களில் வேட்டிக்குக் குறைவே இல்லை. விதவைத் தாயின் வெள்ளைப் புடவையில் முக்கியமான வசனங்கள் எத்தனையோ போயிருக்கின்றன. நான் கொண்டாடிய சில படங்களில் பாதி நானே கட்டிக்கொண்டது என்று பிற்பாடு தெளிவான பிரதியைப் பார்த்தபோது தெரிந்தது. சில இடங்களில் என் வசனமே தேவலை.

எழுத்தை வாசகன் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் சினிமாக்காரர்களிடமிருந்து வரவில்லை. காது கேளாதவர்கள் கேட்டு வாங்கியது அது. அமெரிக்காவில் 1972-இல் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியில் முதன்முதலாக எல்லாருக்கும் தெரியும்படி வசன வரி போட்டார்கள். வேண்டியவர் மட்டும் வரவழைத்துக்கொள்ளும் வரிகள் 1980-இல் வந்தன. அதற்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். 1990-இல் சட்டம் போட்டு, 1993 ஜூலைக்குப் பிறகு அங்கே விற்கும் 13 அங்குலமும் அதற்கு மேலுமான எல்லா டிவிக்குள்ளும் அந்த வசதி இருக்க வேண்டும் என்றார்கள். இணையத்தில் படம் வந்தபோது மறுபடி முதலிலிருந்து போராட்டம். அங்குள்ள காது கேளாதோர் தேசிய சங்கம் நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குப் போட்டது. எல்லாப் படங்களுக்கும் 2014-க்குள் வரி கொடுப்பதாக 2012-இல் உடன்பாடு ஆனது. 2010-இல் வந்த இன்னொரு சட்டத்தைத் தொடர்ந்து எழுதிய விதிகளில்தான் அளவு வருகிறது: வழக்கமான அளவில் பாதி முதல் இருமடங்கு வரை பார்ப்பவர் எழுத்தை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், நிறம், பின்புலம், எழுத்துரு எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும்.

யூட்யூபில் இன்று எழுத்தளவை 50 சதவீதத்திலிருந்து 400 வரை வைத்துக்கொள்ளலாம். கணினியில் பார்ப்பவர் மெனுவுக்குள் போகவே வேண்டாம். வரி ஓடும்போது விசைப்பலகையில் கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து வளரும், கழித்தல் குறியைத் தட்டினால் சுருங்கும். பக்கத்தில் இருக்கிற மற்ற எழுத்துகள், தலைப்பும் விவரமும், பெரிதாக வேண்டுமென்றால் கண்ட்ரோல் பொத்தானோடு சேர்த்து அதே கூட்டல். கண்ட்ரோலும் சுழியமும் பழையபடி ஆக்கிவிடும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட என் நண்பர்களில் இதைத் தெரிந்து வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு மூக்கைத் திரையில் இடிக்கிறார்கள்.

அந்த மெனுவில் வேடிக்கையான ஒரு விஷயம். எழுத்துரு என்ற இடத்தில் ஏழு வகை தருகிறார்கள். முனையில் குச்சம் வைத்தது, வைக்காதது, கையெழுத்து போன்றது, கடைசியாகச் ‘சிறிய தலைப்பெழுத்து’ என்று ஒன்று. வாஷிங்டனில் எழுதிய விதி அப்படியே கோவில்பட்டி வரை வந்திருக்கிறது. தமிழ் வரி ஓடும்போது அதைத் தேர்ந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தமிழில் தலைப்பெழுத்தும் இல்லை, வாலெழுத்தும் இல்லை. ராஜாவுக்கும் சேவகனுக்கும் ஒரே அளவு எழுத்து.

*

சின்ன அளவில் தமிழுக்கு நேரும் கதி ஆங்கிலத்துக்கு நேர்வதில்லை. ஆங்கில எழுத்து மங்கினால் எழுத்து மங்கும், சொல்லை ஊகித்துவிடலாம். தமிழில் முதலில் உதிர்வது உறுப்புகள். புள்ளி போகும். ‘ம்’ ‘ம’ ஆகும். பிறகு விசிறியின் சுழி போகும். பிடியும் பீடியும் ஒன்றாகும். இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகும். கோடு கொடு ஆகும். அன்றைக்கு அம்மா வாசித்த படத்தில் ஒரு போலீஸ்காரர் “அவனைப் பிடி” என்று கத்த, அம்மா என்னிடம், “ஓடுத அவசரத்துல பீடி கேக்கானே, இவன்லாம் ஒரு போலீசா?” என்றாள்.

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அவள் வாசித்தது ஓலை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடு எழுதியவர்கள் புள்ளி வைக்கவில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு; வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் சுழித்து வேறாக்கும்வரை கொடுவா கோடா என்பதை இடம் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ரகரமும் காலும்கூட ஒரே கோடு. இந்தக் காட்டுக்குள்தான் உ. வே. சாமிநாதையர் நுழைந்து 1887-இல் சீவகசிந்தாமணியோடு வெளியே வந்தார். அவருக்கு ஒரு பாட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசிக்க நேரம் இருந்தது. திரையில் ஒரு வரிக்கு அதிகபட்சம் ஏழு விநாடி. நூறாண்டு அச்சு உழைப்பால் நமக்குக் கிடைத்த புள்ளியையும் கொம்பையும் திரையின் அடிவரி ஓசையில்லாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வடிவமைத்தவருக்குப் புரியாது. அவருக்கு இருபத்தாறு வயது, நல்ல கண், முன்னால் ஒரு முழத்தில் 27 அங்குலத் திரை.

சரி, பெரிதாக்கிவிடலாம். மறுநாள் மகளுடைய மடிக்கணினியை வைத்து அந்தக் கணக்குப் பக்கத்தைத் திறந்து ‘பெரியது’ என்பதை அழுத்தி, டிவியை அணைத்துப் போட்டேன். வந்தது. ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்தேன்: முன்பு ‘ப’ 11 மில்லிமீட்டர் உயரம், இப்போது 22. அம்மா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சுவர் வரை.

அவளுக்குக் கணக்கு சரியாகத் தெரிந்திருந்தது. கண்ணுக்கு எழுத்தின் உயரம் தெரியாது, அது விழும் கோணம்தான் தெரியும். தூரத்தைப் பாதியாக்குவதும் எழுத்தை இரட்டிப்பதும் கண்ணைப் பொறுத்தவரை ஒன்றே. நல்ல கண் கடைசியாகப் பிடிக்கும் எழுத்து ஐந்து கலை கோணம் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) என்று கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் வகுத்தார். ஒன்பதடியில் அது நாலு மில்லிமீட்டர். அம்மாவின் பார்வை 6/18. அவளுக்கு அது மூன்று மடங்கு, பன்னிரண்டு மில்லிமீட்டர். அதுவும் முட்டிமோதிக் கண்டுபிடிக்கும் அளவு. இளைப்பாற வாசிக்க அதைப்போல் இருமடங்காவது வேண்டும். பன்னிரண்டு வேண்டிய இடத்தில் பதினொன்றைக் கொடுத்து மூன்று வருஷம் அவளை நடு ஹாலுக்கு இழுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஸ்னெல்லன் கணக்குப் போட்டது தடித்த ஆங்கில எழுத்துக்கு. ஞகரத்துக்கும் ணைகாரத்துக்கும் போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

*

பெரிதானதும் வேறு தொல்லை தொடங்கிற்று. தமிழ்ச்சொல் ரயில் மாதிரி. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரு சொல் வந்தால் பதின்மூன்று எழுத்து. வரியில் அதற்குமேல் இடமில்லை. இரண்டு வரி மூன்றாகிறது, நாலாகிறது. வசன வரி எழுதுகிறவர் ‘வந்துட்டிருக்காங்க’ என்று போட்டிருந்தால் மூன்று எழுத்து மிச்சம். பேச்சுத் தமிழை இழிவென்று நினைக்கிறவர்கள் இடநெருக்கடியையாவது மதிக்கலாம். திரையில் வாய் ஒன்று பேச, கீழே மேடைத்தமிழ் ஓடுவதில் எனக்கு எப்போதுமே ஒட்டுதல் இல்லை. இப்போது கண் சார்பாகவும் ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

மகள் சோபாவிலிருந்து சொன்னாள்: “ஆச்சி, எழுத்து பாதிப் படத்த மறைக்குது. மூஞ்சியே தெரியல.”

“மூஞ்சி எங்க போயிரப் போவுது? பேச்சுதான் போயிரும்” என்றாள் அம்மா.

நான் மகள் கட்சி. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. இருபது வயதிலிருந்து திரைப்படச் சங்கங்களில் உட்கார்ந்து வளர்ந்தவன். சட்டகத்தின் மேல் ஒரு தூசு விழுந்தாலும் பொறுக்காது. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் படங்களில் காமிரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் தாழ்ந்து இருக்கும். ஆட்கள் தரையில் அமர்ந்து பேசுவார்கள். அடிவரி அவர்கள் மடியில் போய் விழும். மடியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கை இருக்கிறது. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் கிழவர் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார், எனக்கு அந்தக் கைகளைப் பார்த்தாக வேண்டும். அவற்றை 200 சதவீத எழுத்தால் மூடுவதா?

ஆனால் எனக்குக் காது கேட்கிறது. கை மறைகிறதே என்று கவலைப்பட எனக்கு நேரம் இருக்கிறது.

திரையரங்கில் இந்தச் சண்டை வராது. ஒரே திரை, ஒரே எழுத்து. வேண்டியவன் முன்வரிசைக்குப் போகலாம். வீட்டில் ஆளுக்கொரு கண், நடுவில் ஒரு டிவி. எழுத்தளவை ஆளுக்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ளலாம் என்று விற்கிறார்களே, அந்த ‘ஆள்’ தனியாகப் படம் பார்க்கிறவன். மூன்று தலைமுறை ஒரு ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் என்று அந்த மெனுவை எழுதியவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் பேரம் பேசி முடிவுக்கு வந்தோம்: அம்மா உட்கார்ந்திருக்கும்வரை பெரியது. அவள் தூங்கப் போனபின் எப்படி வேண்டுமானாலும். அளவை மாற்ற ஒவ்வொரு தடவையும் மடிக்கணினியைத் திறக்க வேண்டும் என்பதால், நடைமுறையில் எப்போதும் பெரியதுதான்.

அம்மா முப்பத்தோரு வருஷம் பஞ்சாயத்துப் பள்ளியில் ஆசிரியை. அவளுக்குக் கரும்பலகையில் எழுதிப் பழக்கம். எழுதிவிட்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்பின் பின்சுவர் வரை நடந்துபோய், கடைசி வரிசைப் பிள்ளை பக்கத்தில் குனிந்து நின்று ஒரு தடவை வாசித்துப் பார்ப்பாள். தெரியவில்லை என்றால் திரும்பி வந்து அழித்துவிட்டுப் பெரிதாக எழுதுவாள். நான் அவள் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தேன். இந்த நடை எனக்கு அலுப்பாக இருக்கும். ஏழாம் நம்பர் கணக்கை எழுதிவிட்டு எதற்காக அவ்வளவு தூரம் போகிறாள் என்று.

*

எழுத்து பெரிதான அன்று அந்த மலையாளப் படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டோம். அம்மா சுவரோரம், நான் தரையில், மகள் சோபாவில். போலீஸ்காரர் “பிடி” என்றார். அம்மா என்னைப் பார்க்காமல் லேசாகச் சிரித்தாள். படம் முடிந்தது. அடிவரி நின்றது. கறுப்புத் திரையில் பெயர்கள் மேலே போகத் தொடங்கின.

நான் ரிமோட்டை எடுத்தேன். “இரு” என்றாள்.

நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல நடந்து, டிவிக்கு ஒரு முழம் கிட்டே போய் நின்றாள். “இதப் பெரிசாக்கலயா?”

அது ஆகாது. அடிவரி வேறு, இது வேறு. அடிவரி படத்தின்மேல் தனியாக ஒட்டப்படுவது, அதனால் நம் பேச்சைக் கேட்கும். முடிவில் ஓடும் பெயர்கள் படத்தோடு படமாகக் கலந்தவை. அரங்கத்துப் பெரிய திரைக்கென்று எழுதி, அப்படியே சுருக்கி 43 அங்குலத்துக்குள் வைத்திருக்கிறார்கள். எந்த மெனுவுக்கும் அசையாது. இதை நான் அவளிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போதே உடை அலங்காரமும் ஒலிக்கலவையும் மேலே போய்விட்டன.

“இவ்ளோ பேரு வேல பாத்திருக்காவ. ஒருத்தர் பேரும் தெரியலயே.”

மௌனப்படக் காலத்தில் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, இடையில் வரும் எழுத்தட்டைகளை உரக்க வாசித்துக் கதை சொல்வார் என்று படித்திருக்கிறேன். மகள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நான் மாடிக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துவந்து, டிவி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அம்மாவின் காதுக்குக் கேட்கிற குரலில் வாசித்தேன். ஒளிப்பதிவு உதவி, நாலு பேர். விளக்கு, பதினோரு பேர். தச்சு வேலை. வண்டி ஓட்டியவர்கள். மகள் ஒரு திரைக்கு ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்தினாள். ஆங்கில எழுத்தில் இருந்த மலையாளப் பெயர்களை நான் எப்படி உச்சரித்தேனோ, எத்தனை பேர் பெயரைக் கொன்றேனோ.

சாப்பாடு என்ற தலைப்பில் மூன்று பேர் இருந்தார்கள். வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

“ரெண்டாவது ஆளு பேரு காதுல விழல” என்றாள் அம்மா. “இன்னொரு வாட்டி சொல்லு.”